தையலுக்கு விட்ட இரண்டு அங்குலம்

மார்ச் 14, வியாழன்

நேற்று எழுதியதில் ஒரு தவறு. கடையின் நீளம் பதினொரு அடி இரண்டு அங்குலம் என்று எழுதியிருந்தேன். பதினொரு அடிதான். துணி அளக்கிற பழக்கத்தில், தையலுக்கு விடும் இரண்டு அங்குலத்தைச் சுவருக்கும் சேர்த்துவிட்டேன்.

ஒப்பந்தத்தில் பன்னிரண்டு அடி என்று இருக்கிறது. “அழுது கேக்காதீங்க, அளந்து கேளுங்க” என்று நான் போகும் சிறுதொழில் மாலை வகுப்பில் ஆசிரியர் சொல்லியிருந்தார். வெளியே சாலையைத் தோண்டிப் போட்ட பிறகு பாதிப் பேர்தான் வருகிறார்கள். வாடகை குறையாவிட்டால் இந்த மாதக் கடைசியில் அக்காவும் நானும் தையல் கடையை மூட வேண்டியதுதான். அளவைத் திருத்தி எழுதிய தாளோடு மதியம் மாடிக்குப் போனேன்.

கட்டடக்காரம்மா நகம் வெட்டிக்கொண்டிருந்தார். தாளை வாங்கினார், படிக்கவில்லை.

“ஓரடி குறையுதா? சரிம்மா, ஓரடி வாடகையைக் கழிச்சுக்க.”

மனப்பாடம் செய்துகொண்டு போன ஆறு வாதங்களில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

“நீங்க அளந்து பாக்கலையேம்மா?”

“எதுக்கு? உங்களுக்கு முன்னாடி இருந்த செருப்புக்கடைக்காரரும் இப்படித்தான் தாளோட வருவாரு. வந்தப்பல்லாம் குறைச்சேன். கடைசியில வாடகையே இல்லாமத்தான் இருந்தாரு.”

“அப்புறம் எங்க போனாரு?”

“எங்கயும் போகலையே” என்றவர், என் தாளிலேயே நகத்துண்டுகளைக் கூட்டி மடித்து வைத்துக்கொண்டார்.

கீழே வந்து சொன்னதும் அக்கா பெடலை நிறுத்தாமல் சிரித்தாள். “குடுக்கிறதை வாங்கிக்கடி. ஏன் குறைச்சீங்கன்னு சண்டைக்கா போவ?”

அவள் மிஷினுக்கு மேலே, பின்சுவரிலிருந்து ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கிறது. செருப்புக்கடைக்காரருடையது. அதை எப்படிப் பதித்தார் என்று தெரியவில்லை. பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. அதில்தான் நூல்கண்டுகளை இரண்டு வரிசையாக வைக்கிறோம். நாலு மணிக்கு முன்வரிசையிலிருந்து ஒரு சிவப்புக் கண்டு விழுந்து உருண்டது. எடுத்து வைத்தேன். மறுபடி விழுந்தது. பெடல் சத்தம் நின்றது.

“நாம வந்தப்ப இதுல மூணு வரிசை நின்னுச்சுல்ல?” என்றாள் அக்கா.

டேப்பின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். பத்து அடி பத்து அங்குலம். டேப் பழையது, இழுபட்டிருந்தால் குறைத்துக் காட்டும். அதனால் இரும்பு ஸ்கேலை வைத்து மூன்று தடவை அளந்தேன். பத்து அடி பத்து அங்குலம்.

அக்கா மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “இதைப் போய் அவங்ககிட்ட சொல்லிடாதடி. இன்னும் குறைச்சிருவாங்க.”

நாளை: மாடிக்குப் போய் அந்தத் தாளைத் திருப்பி வாங்க வேண்டும். பன்னிரண்டு அடிக்கே வாடகை தருகிறோம் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், கடையைத் திறந்ததும், அக்காவின் மிஷினைக் கதவுப் பக்கம் நகர்த்திப் போட வேண்டும்.