பென்சில் நின்ற பக்கம்

குரூப் ஃபோர், குரூப் டூ என்று எழுதி எழுதியே வெற்றிச்செல்விக்கு ஏழு வருஷம் ஓடிவிட்டது. எட்டாவது வருஷம் அரியலூரில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. சொந்தபந்தம் எல்லாம் போன் போட்டு வாழ்த்தியது. தேர்வு முடிந்துவிட்டது என்று அவளுடைய மூளைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். கூடவே அம்சவள்ளி. நூலகத்தில் ஏழு வருஷமும் எதிரெதிரே உட்கார்ந்து படித்தவர்கள். வேலையும் ஒரே ஊரில் வாய்த்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் அம்சவள்ளி ஒரு சின்ன நாவலை நீட்டினாள்.

"நூத்திப்பத்து பக்கம்தான்டி. மூணு புள்ளைங்க வேற வேற உலகத்துக்குப் போற கதை. கோடு கீடு போட்ட, தொலைச்சுப்புடுவேன்."

வாங்கிக்கொண்டாளே தவிர, வெற்றிச்செல்விக்கு உள்ளூரப் பயம். ஒரு காலத்தில் தட்டில் சோறு காய்வது தெரியாமல் கதை படித்தவள். வேலை கிடைத்தபின் மூன்று நாவல்களை எடுத்தாள். மூன்றையும் பத்தாம் பக்கத்தில் மூடிவிட்டாள். கதை படிக்கிற மனசே செத்துப்போயிற்றோ என்று யாரிடம் போய்க் கேட்பது?

அன்று மாலை அம்சவள்ளிக்கு ஆபீஸில் வேலை. தனியாக பஸ் ஏறி, புத்தகத்தைத் திறந்தாள். விடுதிச் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் அடியில் ஒரு கதவு. கை தானாகப் பைக்குள் போய் பென்சிலை எடுத்தது. கதவு திறக்கும் நாள்: கோடு. முதல் உலகத்து ராஜாவின் பெயர்: வட்டம். ஓரத்தில் 'மொத்த உலகங்கள் 4' என்று குறிப்பு வேறு. 'நிழலை வீட்டிலேயே விட்டுச் செல்வோர் வாழும் உலகம் எது?' என்று மனசுக்குள் கேள்வி எழுந்து, நான்கு விடைகளும் வரிசையாக வந்து நின்றன. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் மாலையும் அம்சவள்ளிக்கு ஆபீஸ் வேலை முடியவில்லை; தனியாக பஸ் ஏறியவள் விடாமல் புத்தகத்தை எடுத்தாள். மூவரில் சின்னவள் மயிலு தொட்டிக்குள் நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விட்டால் மூடிக்கொள்ளும். போன இருவரும் திரும்பவில்லை. தொட்டியில் தண்ணீர் முழங்கால், இடுப்பு என்று ஏறுகிறது. வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்க, பஸ்ஸில் எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள். அது ஒன்றும் அவள் காதில் விழவில்லை.

"யம்மா, எறங்கலியா? பெரம்பலூர் வந்து எவ்ளோ நேரமாச்சு! வண்டி டிப்போவுக்குப் போவுது."

நிமிர்ந்தாள். கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் வேறு ஆளே இல்லை.

"அண்ணே, ரெண்டே பக்கம்ண்ணே. தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சு."

அவர் அவளையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னமோ போங்க. நான் டீ குடிச்சுட்டு வரேன். அதுக்குள்ள அந்தப் புள்ளைய கரை ஏத்திடுங்க."

ஏற்றிவிட்டுத்தான் இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் ரப்பரும் கையுமாக உட்கார்ந்தாள். அம்சவள்ளிக்குத் தெரிவதற்குள் கோடுகளை அழித்தாக வேண்டும். ஒவ்வொரு பக்கமாக அழித்துக்கொண்டு வந்தாள். இருபத்துமூன்றாம் பக்கத்தோடு பென்சில் நின்றிருந்தது. அடுத்த பக்கத்தில் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. நூற்றுப்பத்து வரைக்கும் புரட்டிப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

மறுநாள் பஸ்ஸில் புத்தகத்தை வாங்கிய அம்சவள்ளி, பழைய வழக்கத்தில் கேட்டாள். "நாலாவது உலகத்து ராஜா பேரு என்னடி?"

வெற்றிச்செல்வி யோசித்துப் பார்த்தாள். வரவில்லை.

"தெரியலடி," என்றாள். ஏழு வருஷத்தில் ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் அவள் இப்படிச் சிரித்ததே இல்லை. "ஆனா அந்த மயிலு, கடைசி வரைக்கும் கதவ விடல பாத்தியா..."