அசையாமல் உட்காரும் பந்தயம்

கும்மிடிப்பூண்டி ரப்பர் கம்பெனி முதலாளி பாஷ்யம் தன் வீட்டுக்கே வரப்போகிறார் என்றதும், அந்தக் கம்பெனியில் சைக்கிள் டியூப் பிரிவில் வேலை பார்த்த விக்டோரியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எல்லாம் அவள் புருஷன் மோசஸால் வந்தது. எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் முதுகுத்தண்டில் குண்டு பாய்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் திரும்பிய சிப்பாய். வாய்க்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை. அவனுக்கும் அவனைப் போன்ற பட்டாளத்துக்காரர்களுக்கும் வரும் படுக்கைப் புண்ணைத் தடுக்க வழி தேடி ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்று, சென்னை டாக்டர் அம்புஜவல்லி பணத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். சர்க்கார் யோசிக்கிறோம் என்றது, யோசித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் டாக்டர் பாஷ்யத்தைப் பிடித்து மோசஸைப் பார்க்க அழைத்து வந்தார்.

பாஷ்யம் ஒரு சக்கர நாற்காலியோடும் போட்டோக்காரரோடும் வந்து இறங்கினார். நாற்காலி தருகிறேன், படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஆராய்ச்சிக்கெல்லாம் கொடுப்பதில்லை, மருந்து போட்டால் புண் ஆறிவிடாதா என்றார். டாக்டர் வாயெடுப்பதற்குள் மோசஸ் முந்திக்கொண்டான். டாக்டரம்மா பேசி முடிக்கிற வரைக்கும் முதலாளி அந்த நாற்காலியில் துளிகூட அசையாமல் உட்கார முடியுமா என்று கேட்டுவிட்டான். தன் வேலை போச்சு என்றே விக்டோரியா நினைத்தாள். ஆனால் பாஷ்யத்துக்குப் பந்தயம் என்றால் உயிர். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தே விட்டார்.

டாக்டர் நிதானமாக ஆரம்பித்தார். தோல், ரத்த ஓட்டம், பஞ்சு மெத்தை, காற்று மெத்தை என்று ஒவ்வொன்றாக வந்தது. சிலை மாதிரி இருந்த பாஷ்யத்துக்கு நாமத்தின் ஓரம் வேர்த்தது. போட்டோக்காரர் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் விடுவதாக இல்லை. முதலாளி மெல்ல இடப்பக்கம் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"வலிச்சுதா சார்?" என்றான் மோசஸ்.

"வலிக்காம என்ன? உயிர் போறது."

"அதான் சார். உங்களுக்கு வலிச்சுது, நகந்துட்டீங்க. எனக்கு வலிக்காது. நாத்தம் வந்தப்புறம்தான் தெரியும். பட்டாளத்து ஆஸ்பத்திரியில என் பக்கத்துக் கட்டில்ல இருந்தவன் குண்டுக்குத் தப்பிச்சு, இந்தப் புண்ணுல போயிட்டான்."

பாஷ்யம் எழுந்து நாற்காலியின் இருக்கையை அழுத்திப் பார்த்தார். பிறகு, அந்தக் காற்று மெத்தைக்கு எந்த மாதிரி ரப்பர் வேண்டும் என்று டாக்டரைக் கேட்டார். ஆராய்ச்சிச் செலவைத் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். படம் எடுக்க எல்லோருக்கும் மறந்துபோனது.

கம்பெனியில் செய்த முதல் காற்று மெத்தை மோசஸ் படுத்திருக்கும்போதே வெடித்தது. தெருவே ஓடி வந்தது. சண்டையில்கூட இப்படியொரு சத்தம் கேட்டதில்லை என்று அவன் சிரித்தான். அடுத்தது காற்றைக் கக்கியது. அதற்கடுத்தது தாங்கியது. மழைக்காலம் முடிவதற்குள், ஒரு வருஷமாக ஆறாத புண் மூடிவிட்டது. விக்டோரியா அவனைப் புரட்டிப் படுக்கவைத்து, இளஞ்சிவப்பாக வந்திருந்த புதுத்தோலின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"தொட்டுக்கினு கீறியா?" என்றான்.

"ஆமா."

"எப்டி கீது?"

"நல்லா கீதுய்யா," என்றாள். கையை எடுக்கவில்லை.