கூப்பிடும்வரை வேறு வேலை

"மனித குலம் இதுவரை பட்ட துன்பங்களில் பாதிக்குமேல், சரியாகக் காத்திருக்கத் தெரியாததால் வந்தவை."

இந்த மாபெரும் உண்மையை ஞானி வெளியிட்ட இடம் அலுவலகத்தின் சாப்பாட்டு அறை. கேட்டவர்கள் இரண்டு பேர். இருவரும் கையில் டப்பாவுடன் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஞானி கைகளைக் கட்டிக்கொண்டு, மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடியில் மூக்கு படாத குறையாக, உள்ளே தன் டப்பா சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடங்களாக அவர் அதை அப்படித்தான் காவல் காத்தார். ஒரு நாள்கூட அது தப்பி ஓட முயன்றதில்லை.

ஞானி என்பது அலுவலகம் வைத்த பெயர். வைத்தவர்கள் எந்த அர்த்தத்தில் வைத்தார்களோ, அவர் நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார். ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் 'அன்புடன், ஞானி' என்று கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

அவர் காத்திருப்பைப் பற்றி இவ்வளவு ஆழமாகச் சிந்திக்கக் காரணம் இருந்தது. அந்தச் சிறிய மென்பொருள் நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர், ஊர் முழுக்கக் கிளைகள் வைத்திருந்த ஒரு பல் மருத்துவமனை. மறுநாள் வரவேண்டிய நோயாளிகளின் போனுக்கெல்லாம் முந்தின நாள் மாலை நினைவூட்டுச் செய்தி அனுப்புவது இவர்களுடைய நிரலின் வேலை. அந்த நிரலை வாலிபத்தில் எழுதியவர் சாட்சாத் ஞானியேதான். அது ஒரு செய்தியைத் தொலைபேசி நிறுவனத்திடம் கொடுக்கும். 'கிடைத்தது' என்று பதில் வரும்வரை அங்கேயே நிற்கும். வந்தபிறகுதான் அடுத்த செய்தியைக் கையில் எடுக்கும். தபால்காரர் ஒரு வீட்டில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அவர்கள் படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை வாசலிலேயே நிற்பதுபோல.

இரண்டு கிளை இருந்தபோது இது யாருக்கும் தெரியவில்லை. கிளைகள் பெருகியபிறகு, பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சுடன் வெளியே வரும் மனிதரின் சட்டைப்பையில் 'நாளை உங்களுக்குப் பல் பிடுங்கும் நாள், மறவாதீர்' என்று போன் சிணுங்க ஆரம்பித்தது. மருத்துவமனையின் மேலாளர் அம்மாள் ஒரு மாதம் கெடு வைத்தார்.

முதலாளி ஞானியைக் கூப்பிட்டார். "இதை மட்டும் சரி பண்ணிக் குடுத்துடுங்க சார். அந்த ஜன்னல் ரூம் உங்களுக்குத்தான். தலைமைத் தொழில்நுட்ப அதிகாரின்னு கதவுல பலகையும் மாட்டிடலாம்."

அந்த அலுவலகத்தில் ஜன்னல் உள்ள தனி அறை ஒன்றே ஒன்றுதான். ஞானியின் மேஜை தீயணைப்பு உருளையைப் பார்த்தபடி இருந்தது. அதில் எழுதியிருக்கும் உபயோகிக்கும் முறை முழுவதும் அவருக்கு மனப்பாடம். அன்று மாலை எல்லோரும் போனபிறகு அந்த அறைக்குள் போய், ஜன்னலைச் சாணால் அளந்தார். அன்றிரவே வெளிர்நீலத்தில் ஒரு திரைச்சீலைக்குச் சொல்லிவிட்டார். பலகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வார இறுதியில் அவர் கோரூட்டின் என்ற நிரல் உத்தியைக் கற்றுக்கொண்டார். வீடியோ பாடங்கள். ஆசிரியர் நிதானமாகப் பேசுகிறவர்; ஞானி இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டதால் அணில் பாடம் நடத்துவதுபோல் இருந்தது. ஆனாலும் ஒரு விஷயம் அவர் மனதில் போய்த் தைத்தது. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. நிரலின் சாதாரணப் பகுதி ஒன்று ஓட ஆரம்பித்தால் முடியும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்காது. கோரூட்டின் அப்படியில்லை. காத்திருக்க வேண்டிய இடம் வந்ததும், 'எனக்குப் பதில் வரட்டும், அதுவரை நீ மற்றவர்களைக் கவனி' என்று வழிவிட்டு ஒதுங்கும். எந்த வரியில் நிறுத்தியதோ அதை மறக்காது. கூப்பிட்டதும் அதே இடத்திலிருந்து தொடரும். ஒதுங்கி நின்றதில் அதற்கு ஒரு மானக்குறைவும் இல்லை. ஐம்பது வயதை நெருங்கும் ஞானி இப்படி ஒரு மனிதரை அதுவரை சந்தித்ததில்லை. கண்ணாடியிலும் பார்த்ததில்லை. இந்தக் கடைசி எண்ணம் வந்தவுடன் அவர் வீடியோவை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது குடும்பத்துக்கு உபதேசம் நடந்தது. "பாதியில நிறுத்தறது, அடுத்தவங்களுக்கு வழி விடறது. இதுதான் சாரம். இதுக்குள்ள ஒரு பெரிய தத்துவம் இருக்கு."

"நான் சொல்ல வந்தது என்னன்னா..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"இரு, முடிச்சுடறேன்."

"வழி விடறதைப் பத்திதானே சொல்லிட்டிருக்கீங்க? சரி, முடிங்க."

முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அவள் சொல்ல வந்தது அடுப்பில் பால் இருக்கிறது என்பதை. அது தானாகவே வெளியே வந்து சொல்லிவிட்டது.

அவர்களோடு இருந்த மாமனாருக்குக் கீழ்க்கடைவாயில் ஒரு பல் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. அதே பல் மருத்துவமனையில்தான் நாள் குறித்திருந்தார்கள், மூன்று வாரம் கழித்து. மாமனார் எதையும் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, காலையும் மாலையும் போய்ப் பார்த்து வருகிறவர்.

"இதெல்லாம் எதுக்கு மாமா?" என்றார் ஞானி. "ஒரே விஷயத்தை நினைச்சுக்கிட்டு நிக்கறதுதான் பழைய முறை. நீங்க நிம்மதியா வேற வேலை பாருங்க. நேரம் வந்தா அது உங்களைக் கூப்பிடும்."

"கூப்பிடுமா மாப்பிள்ளை?"

"நான் எழுதற புரோகிராம் மாமா."

மாமனார் மரியாதை தெரிந்தவர். புது வருட நாட்காட்டியைத் தேடிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரருக்குத் தன்னுடையதைக் கொடுத்துவிட்டார்.

ஞானி நிரலைத் திருத்தி எழுதினார். முதன்முதலாக ஓட்டியபோது திரை முழுக்க மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை வரிகள் கொட்டின. பிழையென்றால் சிவப்பில் வரும். மஞ்சள் என்பது கணினியின் முணுமுணுப்பு. வீட்டில் மனைவியின் முணுமுணுப்பை அடக்குவதுபோல் ஞானி இதையும் அடக்கினார்: எச்சரிக்கைகளைக் காட்டாதே என்று ஒரு வரி சேர்த்தார். பார்க்க வருகிறவர்களின் கண்ணை உறுத்தக் கூடாதல்லவா. மறுபடி ஓட்டினார். மறுநாள்வரை இழுக்கிற வேலை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்து, எல்லாப் பெயருக்கும் நேராக 'அனுப்பியாயிற்று' என்று வந்து நின்றது.

நிரல்களைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பிலிருந்த பெண் அருகில் வந்து பார்த்தாள். அலுவலகத்தில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர்.

"சார், நிஜமாவே போச்சா?"

"சிவப்புல ஏதாவது வந்துதா?"

"இல்ல."

"அப்புறம் என்னம்மா?"

"என் நம்பருக்கு ஒண்ணு அனுப்பிப் பாக்கலாமே சார்."

"நம்பிக்கை இல்லாம ஆத்தைக் கடக்க முடியாதும்மா."

"படகு இருந்தாப் போதும் சார்."

அதற்குள் முதலாளியே வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். ஞானியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று மாலையே புது நிரல் வேலைக்கு வந்தது.

இனி நடந்ததுதான் விசித்திரம். ஒரு புகாரும் வரவில்லை. குறித்த நாளை மறந்தவர்கள் தங்கள் ஞாபகமறதியை நொந்துகொண்டார்கள். வராத செய்தியைப் பற்றி யார் புகார் கொடுப்பார்கள்? மருத்துவமனையின் காத்திருப்பு அறைகளில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மேலாளர் அம்மாள் முதலாளிக்குப் போன் செய்து நெகிழ்ந்துபோனார். "எங்க வெயிட்டிங் ரூம் கோயில் மாதிரி இருக்கு சார். கூட்டம்னு ஒண்ணே இல்ல. எப்படிப் பண்ணீங்க?"

முதலாளி ஒரு பாராட்டுக் கேடயத்துக்குச் சொல்லியனுப்பினார். ஞானி தன் உரையின் தலைப்பை முடிவு செய்தார்: 'காத்திருப்பை ஒழித்த கதை.'

ஒரு காலை, ஞானி உரையின் இரண்டாம் பத்தியைக் குளியலறையில் ஒத்திகை பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, கூடத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து தாடைவரை ஒரு துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். ஒரு கன்னம் மற்றதைவிட இரு மடங்கு பெரிதாக இருந்தது.

"என்ன மாமா இது? டாக்டர்கிட்ட போகலையா?"

"இன்னும் கூப்பிடல மாப்பிள்ளை."

"எது கூப்பிடல?"

"உங்க புரோகிராம்தான். நிக்காதீங்க, வேற வேலை பாருங்க, கூப்பிடும்னு சொன்னீங்களே. நானும் அலமாரியைச் சுத்தம் பண்ணிட்டேன், ரேடியோவைப் பிரிச்சு மாட்டிட்டேன். வலி பொறுக்கல, அதான் சும்மா கேக்கறேன். நாள் வந்துடுச்சா?"

சமையலறையிலிருந்து மனைவி சொன்னாள்: "அது போன வாரமே வந்துட்டுப் போயிடுச்சாம். இப்பத்தான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஏன் வரலைன்னு என்னைக் கேக்கறாங்க."

ஞானி உரையின் மூன்றாம் பத்தியை மறந்தார்.

அலுவலகத்துக்குப் போனதும் எச்சரிக்கைகளை மறைத்த அந்த வரியை அழித்துவிட்டு நிரலை ஓட்டினார். மஞ்சள் எழுத்து அடைமழையாகக் கொட்டியது. எல்லா வரியும் ஒன்றையே சொன்னது: இந்தக் கோரூட்டினுக்காக யாரும் காத்திருக்கவே இல்லை.

வீடியோவைத் திறந்தார். இந்த முறை ஆசிரியரை அவருடைய சொந்த வேகத்தில் பேசவிட்டார். மனிதக் குரலில் அவர் இனிமையாகவே பேசினார். மூன்றாம் பாடத்தின் நடுவில் அது வந்தது: 'கோரூட்டினைக் கூப்பிட்டால் மட்டும் அது ஓடிவிடாது. கூப்பிட்டதும் அது புறப்படத் தயாராக உடுத்திக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அவெய்ட், அதாவது 'காத்திரு' என்று எழுதி, நீங்கள் அதற்காகக் காத்திருந்தால்தான் கிளம்பும். பலர் இந்தச் சொல்லை மறந்துவிடுகிறார்கள்.' அன்றைக்கு இந்த இடம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் திரைச்சீலை வந்தது. வீடியோவை நிறுத்தாமல் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார். வேறு வேலை பார்க்கப் போயிருந்தார்.

இரண்டு வாரமாக ஆயிரக்கணக்கான செய்திகள் உடுத்திக்கொண்டு நின்று, அழைப்பு வராமல், நின்ற இடத்திலேயே மறைந்துபோயிருந்தன. அவற்றில் ஒன்று மாமனாருடையது.

விடுபட்ட சொல்லைச் சேர்த்து ஓட்டினார். ஓடியது. ஆனால் பழைய நிரலின் அதே வேகம். ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து, முடிந்தபிறகே அடுத்ததை அனுப்பியது. புது வேட்டி கட்டிய பழைய தபால்காரர். ஞானி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு எழுந்துபோய், யாரும் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"எனக்குப் புரியலம்மா. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

சந்தேகம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இருவருமாக உடைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றாகக் கிளப்பி ஒவ்வொன்றுக்கும் காத்திருக்காமல், எல்லாவற்றையும் கிளப்பிவிட்டு மொத்தமாகக் காத்திருக்கவேண்டும். அப்படிச் செய்தபோது தொலைபேசி நிறுவனம் மிரண்டுபோய்ப் பாதியைத் திருப்பியடித்தது. எனவே ஒரு நேரத்தில் சில பேரை மட்டும் வாசலுக்குள் விடுகிற ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். பேச்சின் நடுவே அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் ஞானி தன் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினார். பழக்கமில்லாததால் தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல் இருந்தது. ஆனால் அவள் முடித்தபிறகு பார்த்தால், பாதி வாக்கியம் விட்ட இடத்திலேயே பத்திரமாக இருந்தது. சில சமயம் அதற்குத் தேவையே இல்லாமல் போயிருந்தது.

"உங்க நம்பருக்கு ஒண்ணு அனுப்பலாமா?" என்றார்.

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சிணுங்கியது. பல் சம்பந்தப்பட்ட ஒரு செய்தி ஒரு மனிதரை இவ்வளவு கலங்க வைக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"சார், இதைப் போட்டா நாளைக்கு ஆஸ்பத்திரியில கூட்டம் வந்துடும். முதலாளி ஏன்னு கேப்பாரே."

"கேப்பாரு."

"பலகை அடிக்கக் குடுத்தாச்சுன்னு சொல்லிக்கறாங்க."

ஞானி பொத்தானை அழுத்தினார்.

கூட்டம் வந்தது. மேலாளர் அம்மாளின் போனும் வந்தது. கோயில் மறுபடி சந்தையாகிவிட்டதாம். பழையபடி மாற்றித் தரவேண்டுமாம். முதலாளி ஞானியைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் கேடயம் வண்ணக்காகிதம் சுற்றியபடி இருந்தது.

"என்ன சார் மாத்துனீங்க? நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?"

சொல்வதற்குப் பொய்கள் நிறைய இருந்தன. தொலைபேசி நிறுவனம் இருந்தது, மஞ்சள் எழுத்து இருந்தது, சந்தேகம்கூட இருந்தாள். ஞானி கேடயத்தையும் அதற்குப் பின்னால் தெரிந்த ஜன்னலறைக் கதவையும் பார்த்தார். துண்டு கட்டிய தாடை ஒன்று நினைவுக்கு வந்தது.

"ஓடவே இல்ல சார். ஒரு சொல்லை விட்டுட்டேன். ரெண்டு வாரமா ஒரு மெசேஜும் போகல. யாரும் வரல, அதான் கூட்டம் இல்ல. தப்பு என்னோடது. இப்பத்தான் நிஜமா ஓடுது, அரை மணிக்குள்ள முடிஞ்சுடுது."

"அப்ப ரெண்டு வாரமா அந்தப் புரோகிராம் என்னதான் பண்ணிச்சு?"

"ஒண்ணுமே பண்ணல சார். அதைத்தான் அவ்வளவு வேகமாப் பண்ணிச்சு."

முதலாளி வெகுநேரம் பேசவில்லை. ஞானியும் அந்த மௌனத்தை நிரப்பவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் சாட்சி சொல்வார்கள், அது அவருக்கு எவ்வளவு கஷ்டமென்று. கடைசியில் முதலாளி கேடயத்தை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார்.

"அந்த அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். ரூம் விஷயத்தை யோசிக்கணும். நீங்க இங்க நிக்காதீங்க சார், போய் வேற வேலை பாருங்க. நானே கூப்பிடறேன்."

ஞானி போய் வேறு வேலை பார்த்தார். மருத்துவமனை வாடிக்கையாளராகவே நீடிக்கிறது, நிரல் நன்றாக ஓடுகிறது, மாமனாருக்குப் பல் கட்டியாயிற்று. முதலாளி இன்னும் கூப்பிடவில்லை. ஜன்னல் அறையில் தண்ணீர் கேன்களை அடுக்கியிருக்கிறார்கள். வெளிர்நீலத் திரைச்சீலை வீட்டில் மாமனார் அறையில் தொங்குகிறது. ஒரு சாண் குட்டை. சென்ற வாரம் கேன் எடுக்கப்போன ஞானி அந்த ஜன்னலை நாடாவால் அளந்து பார்த்தார். திரை அதற்கும் ஒரு சாண் குட்டைதான்.