வேண்டாத மாதத்தில் ஒரு மழைச்சடங்கு

மார்ச் மாதத்தில், மாயா மக்கள் வாழும் யுகதான் மண்ணில் எந்தக் குடியானவனும் மழை கேட்கமாட்டான். வெட்டிச் சாய்த்த காடு கொல்லையில் காய்ந்துகொண்டிருக்கும். ஏப்ரலில் அதற்குத் தீ வைத்தால்தான் அப்புறம் மக்காச்சோளம் ஊன்ற முடியும். நடுவில் ஒரு மழை அடித்தால் தீ பிடிக்காது. அந்த வருஷமே போச்சு. அது தெரிந்தும் பூசாரி வெனான்சியோ மழைச்சடங்குக்கு ஒத்துக்கொண்டார் என்றதும் அபுந்தியோவுக்கு ஆத்திரம் வந்தது.

கடற்கரை விடுதி ஒன்று கேட்டதாம். சுற்றுலாக்காரர்கள் அப்போதுதான் கூட்டமாக வருவார்களாம்.

ஊர்ச் சடங்கில் இருபது வருஷமாக ‘சாக்’ என்ற மழைதேவனாக நிற்பவன் அபுந்தியோ. ஆகஸ்டில் பயிர் வாடும்போது, காட்டுக்குள் போட்ட பந்தலுக்குக் கிழக்கே மரக்கத்தியும் சுரைக்குடுவையுமாக நிற்பான். கத்திதான் மின்னல், குடுவைதான் மழை. அதற்கு முந்தைய மூன்று நாளும் மனைவி பக்கம்கூடப் போகமாட்டான்.

வரமுடியாது என்றுதான் முதலில் சொன்னான். பூசாரி தலையைத் தொங்கப்போட்டார்.

“கூரை ஒழுகுது அபுந்தியோ. வைத்தியத்துக்குக்கூட இப்ப எவனும் என்னைத் தேடி வர்றதில்ல. ஒரே ஒரு தடவை வந்து நில்லுப்பா.”

அதற்குமேல் அவனால் மறுக்க முடியவில்லை. மனைவி தியோதோராதான் அவனைச் சும்மா விடவில்லை.

“சாமிய நீச்சல்குளத்துக்குக் கூட்டிட்டுப் போறியா? தலை தொவட்டத் துண்டு எடுத்துக்க.”

குளத்தின் ஓரமாகவே பந்தல் போட்டிருந்தார்கள். ஊர்ச் சடங்கில் மழையை அழைக்கச் சிறுவர்கள் தவளைபோலக் கத்துவார்கள்; இங்கே அதற்குப் பச்சைச் சட்டை மாட்டிய நான்கு சர்வர்கள். குடுவையில் அன்னாசிச் சாறு. மேலாளர் கோன்சாலோ நீண்ட மூக்கு வைத்த ரப்பர் முகமூடியை நீட்டினான். அபுந்தியோ அதை வாங்கி நாற்காலியில் போட்டான்.

“மூக்கு இல்லேன்னா நீங்க சாமின்னு யாருக்குத் தெரியும்?” என்றான் கோன்சாலோ.

பிரார்த்தனை முடிந்ததும் மேலே கட்டிய குழாயைத் திறந்து மழை பெய்யவைக்கப் போவதாகவும் சொன்னான். அபுந்தியோ பல்லைக் கடித்துக்கொண்டான். தன் முறை வந்தபோது கத்தியைக் கிழக்கே நீட்டி, மாயா மொழியில் உரக்கப் பேசினான்.

“சாக் ஐயா, கூப்பிடுறது நாங்க இல்ல. இவங்க சத்தத்தைக் காதுல வாங்காதீங்க. காடு இன்னும் காயல. மின்னல் கோடாலி உங்க இடுப்புலயே இருக்கட்டும். ஆகஸ்ட்ல வயித்தக் கட்டிட்டு நாங்களே கூப்பிடுறோம், அப்ப வாங்க.”

தவளைகளின் சத்தம் நின்றது. அவர்களும் பக்கத்து ஊர்க் குடியானவன் வீட்டுப் பிள்ளைகள்தான். சுற்றுலாக்காரர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் அபுந்தியோவை இன்னும் சுட்டது.

மாயா தெரியாத கோன்சாலோ, என்ன சொன்னான் என்று பூசாரியிடம் கேட்டான்.

“வராதேன்னு சொன்னான்,” என்றார் வெனான்சியோ. “நானும் அதையேதான் சொல்றேன்.” பழைய சாமிகளோடு சேர்த்துக் கும்பிடப் பந்தலில் வைத்திருந்த தன் சிலுவையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இருவரும் வெளியே நடக்கும்போது குழாய்மழை கொட்டத் தொடங்கியது.

அந்த ஏப்ரலில் கொல்லை நன்றாகவே எரிந்தது. ஆனால் மறுமார்ச்சில் விடுதிக்காரர்கள் நகரத்திலிருந்து ஒரு நடனக்காரனைக் கொண்டுவந்து சாக் வேடத்தில் நிறுத்தினார்கள். அபுந்தியோ ஊர்த்தலைவரிடம் போய் முறையிட்டான். அவர் சிரித்தார்.

“அது சாமி இல்லப்பா, வெறும் நடிப்பு.”

“அப்ப வேற பேரு வெச்சுக் கூப்பிடச் சொல்லுங்க,” என்றான் அபுந்தியோ.