இரண்டு விரல்

கொசுவம் பிடித்துவிடுவதில் அந்த பஸ் டிரைவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தினமும் காலையில் மனைவியின் காலடியில் குந்தி, சேலை மடிப்புகளை நீவி இழுத்துவிட்ட பிறகுதான் டிப்போவுக்குக் கிளம்புவார். “டீச்சரம்மாவுக்கு டிரைவர் இல்லாம சேலை நிக்காது” என்று தெருவே கிண்டலடித்தது. தெருவுக்கு என்ன தெரியும்!

இன்று அந்த டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம். பேன்ட்டைத் தவிர எதையும் தொடாத மகள், அம்மாவின் நீலச் சேலையைத் தானாகவே எடுத்துச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“அப்பா, கீழ கொஞ்சம் பிடிச்சு விடுங்களேன்.”

அவர் குந்தினார். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மகள் கண்ணாடியில் பார்த்தாள்.

“என்னப்பா, இடது பக்கம் மட்டும் தரையில புரளுது?”

அவருக்குச் சுருக்கென்றது. மனைவிக்கு இடது கால் குட்டை. அந்தக் காலுக்கென்று செய்த தடித்த செருப்பு பள்ளிப் பிள்ளைகள் கண்ணில் படாமலிருக்க, அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு விரல் இறக்கிவிடுவார். சுடிதாருக்கு மாறச் சொல்லாதவர்கள் இல்லை. “சுடிதார் காட்டிக்கொடுத்துடும். சேலை காட்டிக்கொடுக்காது” என்பாள் அவள், அவரிடம் மட்டும்.

“பழக்க தோஷம்மா. அம்மா கால்னு நெனச்சுட்டேன். இரு, ஏத்தி விடறேன்.”

இரண்டு விரல் ஏற்றினால் போதும். அவருக்குக் கை வரவில்லை. சேலையின் ஓரத்தைப் பிடித்தபடியே குந்தியிருந்தார். மகளும் காலை நகர்த்தவில்லை.