மாதுளை வேலியும் சம்பந்தியின் கத்திரியும்

1

இந்தக் கதை ஒரு ரப்பர் குழாயிலிருந்து பிறந்தது. போன வாரம் ஒரு காலையில் வேலிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். இலைகளுக்கு நடுவே ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். குழாய் துள்ளிக் குதித்துப் பால்காரரை நனைத்தது, அவர் சைக்கிளை நனைத்தது, எதிர்மாடியில் காயப்போட்டிருந்த போர்வையை நனைத்தது. மேலே போன விமானத்தின் வாலிலும் நாலு சொட்டு விழுந்திருக்கும்.

நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. வாசகரே, நான் வேலையில் இருந்த காலமெல்லாம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படித்து எழுதியவன். மீட்டரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். ஒரு யூனிட் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அப்படி உள்ளதை உள்ளபடியே எழுதித் தேய்ந்த கைக்கு ஓய்வு கொடுத்து அனுப்பினால் அது என்ன செய்யும்? அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

கதையை எப்படித் தொடங்குவது என்று நிறையத் தாள் கிழித்தேன்.

முதல் தொடக்கம்: ‘நகரின் விளிம்பில், மஞ்சள் வெயில் மெல்லப் படரும் ஒரு—’

(வேண்டாம். எங்கள் சந்தில் வெயில் படராது. நேராக மண்டையில் இறங்கும்.)

இரண்டாவது: ‘வேலி என்பது பிரிப்பதற்கா, சேர்ப்பதற்கா?’

(இதைச் சம்பந்தியம்மாவிடம், யார் என்று பிறகு சொல்கிறேன், படித்துக் காட்டினேன். “எங்களையா கேக்கறீங்க? எழுதறவர் நீங்கதானே மீட்டர் அண்ணா?” என்றார். அடித்துவிட்டேன்.)

மூன்றாவது: ‘முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவரின் கையில் ஒரு மாதுளை வேலி மாட்டிக்கொண்டது.’

ஆ! இது நிற்கிறது. இதிலேயே போவோம்.

2

எங்கள் குடியிருப்பின் பக்கவாட்டில் ஒரு குறுகிய சந்து, பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழி. சந்துக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் நடுவே துருப்பிடித்த கம்பிவேலி ஒன்று இருந்தது. போகிற வருகிற எல்லோருடைய சட்டையிலும் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளும். அதைப் பிடுங்கிவிட்டு நாங்கள் சிலர் சேர்ந்து மாதுளைக் கன்றுகளை நெருக்கி நட்டோம். உயிர்வேலியாக வளரும், பழமும் தரும். யார் வேண்டுமானாலும் நடக்கிற போக்கில் பறித்துத் தின்னலாம், யாரையும் கேட்க வேண்டாம். இதுதான் திட்டம். குடியிருப்போர் சங்கத் தலைவரும் ‘பழவேலி’ என்று கேட்டதும் நாக்கில் நீர் ஊற அனுமதி கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பட்டாளமே வந்து மண் கொத்தும். நாள் தவறாமல் வருகிறவர்கள் மூவர்தான். தண்ணீர் நான். பெருக்குவதும் உரம் வைப்பதும் சம்பந்தியம்மா. கத்திரி சம்பந்தி.

எனக்குச் சம்பந்திகள் அல்லர், ஒருவருக்கொருவர் சம்பந்திகள். சம்பந்தியின் மகளைச் சம்பந்தியம்மாவின் மகன் கட்டியிருக்கிறான். இரு வீட்டாரும் ஒரே கட்டடத்தில் வெவ்வேறு மாடியில் இருக்கிறார்கள். அதனால் மரியாதை குறையவில்லை, மூச்சு முட்டுகிற அளவுக்குப் பெருகிவிட்டது. லிஃப்ட் கதவு திறந்தால் “நீங்க முதல்ல போங்க சம்பந்தி”, “ஐயோ, நீங்க போங்க சம்பந்தியம்மா” என்று இருவரும் நிற்பார்கள். லிஃப்ட் பொறுமையிழந்து தானே கிளம்பிவிடும்.

சம்பந்தியம்மா பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வாசகர் நம்ப மாட்டாரோ என்று முதல் வரைவில் அவரை ஆசிரியை ஆக்கியிருந்தேன். படித்துவிட்டு, “ஏன் அண்ணா, நான் ஓட்டின பஸ்ஸை யாரு ஓட்டினாங்கன்னு எழுதப் போறீங்க? தானா போச்சா?” என்று கேட்டார். உடனே ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சம்பந்தி முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். கடையை மூடிய பிறகு வீட்டில் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். தொலைக்காட்சி ஓடாது. போடுவதே இல்லை. அந்தக் கறுப்புத் திரையில் கண்ணாடிபோல் தன் முகம் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று மருமகள் வந்து சம்பந்தியம்மாவிடம் சொன்னாள். அவர்தான், “வேலிக்கு ஒரு கத்திரிக்காரர் வேணும், வேற யாருக்கு சம்பந்தி இந்தக் கை வரும்?” என்று கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தார்.

வந்தார் பாருங்கள்! மாதுளை வேலி கல்யாண மாப்பிள்ளையாகிவிட்டது. பெரிய கத்திரியால் மேலே மட்டம் பிடிப்பார். பிறகு கடையிலிருந்து கொண்டுவந்த சின்னக் கத்திரியும் சீப்புமாக ஓரம் எடுப்பார். ஆமாம், சீப்பு. முடித்ததும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வேலியின் பிடரியில் ரெண்டு தட்டுத் தட்டி, “ஆச்சு” என்பார். வேலியின் விளிம்பில் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டால் பக்கத்து ஊர்வரை விழாமல் போகும். சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

வேலை செய்தபடியே கடைக் கதை சொல்வார். “ஒரு ஆபீசர் வருவாருங்க சம்பந்தியம்மா. தலை மொழுமொழுன்னு இருக்கும். மருந்துக்கு ஒரு முடி கிடையாது. மாசம் தவறாம வருவாரு.”

“வந்து என்ன பண்ணுவாரு?”

“வெட்டிக்குவாரு.”

“எதை?”

“அதான் தொழில் ரகசியம்” என்று சிரித்து நிறுத்திக்கொள்வார்.

(இந்த ஆபீசரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இவர் தலையில்தான் கதை நிற்கிறது.)

3

எல்லாம் இருந்தது, பழம் மட்டும் இல்லை.

ஒரு வருஷம் போனது. ‘இளஞ்செடிதானே’ என்றோம். இன்னொரு வருஷமும் போனது. சாணம் வைத்தோம், புண்ணாக்கு வைத்தோம், நான் தனிப்பட்ட முறையில் பாட்டுக்கூடப் பாடினேன். (செடி வாடியது.) தலைவர் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

“பழவேலின்னு சொல்லித்தானே இடம் வாங்குனீங்க? பழம் எங்க?”

“வரும் தலைவரே.”

“எப்போ? நான் பல்செட் மாட்டின பிறகா? ஆண்டுப் பொதுக்கூட்டம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒரு பழமாவது தொங்கணும். இல்லைன்னா எல்லாத்தையும் பிடுங்கிட்டுத் தகரம் அடிச்சிடுவேன். ரெண்டு கார் கூட நிக்கும்.”

அன்று மாலை சம்பந்தியம்மா வழக்கம்போல வேலியடியைப் பெருக்கினார். முறத்தில் இலைகள் விழுந்தன, தளிர்கள் விழுந்தன. நடுவில் மெழுகில் செய்ததுபோலச் சிவப்பாக, கெட்டியாக ஒன்று கிடந்தது. இன்னொன்று. எல்லாம் மாதுளை மொட்டுகள். தினமும் கூட்டித் தள்ளிய குப்பைதான். அன்றைக்குத்தான் கை நின்றது.

மாதுளை புதுத்தளிரின் நுனியில் பூக்கிறது. நுனி வேலியின் மட்டத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். நீட்டிக்கொண்டு நிற்கிற எதையும் சம்பந்தியின் கண் பொறுக்காது. ஒரு ஆயுள் முழுக்கப் பழகிய கண்.

அந்த முறத்தைப் பிடித்தபடி சம்பந்தியம்மா நின்ற நிலையை எழுத எனக்குத் திறமை போதாது. வெட்ட விட்டால் வேலி போய்விடும். வெட்டாதே என்றால் சம்பந்தி மறுபடி அந்தக் கறுப்புத் திரைக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுவார். அதையும் யார் சொல்வது? சம்பந்தி சம்பந்தியைக் குறை சொல்வதா? காபியில் சர்க்கரை கம்மி என்று சொல்லவே ஒரு தலைமுறை ஆகிற உறவு அது.

4

சம்பந்தியம்மா எப்படிச் சொன்னார் என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) கத்திரியை ஒளித்துவைத்தார். — சம்பந்தி அடுத்த நாளே, அதைவிடப் பெரிய கத்திரியோடு, முகம் முழுக்கப் பல்லாக— (இல்லை. சம்பந்தியம்மா எதையும் ஒளிக்கிறவர் அல்லர். ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்புவார்.)

(ஆ) மகனை விட்டுச் சொல்லச் சொன்னார். மகன் மனைவியிடம் சொன்னான். மனைவி, “எங்கப்பா வெட்டறது உங்கம்மாவுக்குப் பிடிக்கலையா?” என்று— (ஐயையோ. இது வேறு கதை. நாலு பாகம் போகும்.)

(இ) நடந்தது. நான் குழாயும் கையுமாகப் பக்கத்திலேயே நின்று ஒட்டுக்கேட்டேன், ஆகவே இது மீட்டர் கணக்கு.

“சம்பந்தி, ஒண்ணு கேக்கலாமா?”

“உத்தரவு போடுங்க சம்பந்தியம்மா.”

“அந்த வழுக்கை ஆபீசருக்கு என்னதான் பண்ணுவீங்க? இன்னைக்குச் சொல்லியே ஆகணும்.”

சம்பந்தி சுற்றுமுற்றும் பார்த்தார். என்னை ஒரு ஆளாக மதிக்கவில்லை. சின்னக் கத்திரியை எடுத்துத் தன் காதோரம் பிடித்து, காற்றில் வெட்டிக் காட்டினார். க்ளிக், க்ளிக், க்ளிக். “இவ்வளவுதான். சீப்பைத் தலையோட ஓட்டிக்கிட்டே கத்திரியை வெறுமனே வெட்டுவேன். அந்தச் சத்தம் கேட்டா அவருக்கு ஒரு நிம்மதி. தூங்கிடுவாரு.”

“ஒண்ணும் வெட்டாமலே?”

“வெட்டாம இருக்கறதுதாங்க கஷ்டம். வெட்ட எவனுக்கும் வரும்.”

சம்பந்தியம்மா மொட்டு கிடந்த முறத்தை எடுத்தார். அதை அவர் பக்கம் நகர்த்தினார். சம்பந்தி குனிந்து ஒரு மொட்டை எடுத்தார். விரலில் உருட்டினார். வேலியின் மட்டத்தைப் பார்த்தார், மொட்டைப் பார்த்தார். கத்திரிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

“முடி வளர்க்கறவங்க நாற்காலியில உக்காரும்போதே சொல்லிடுவாங்க” என்றார். “இதுவும் சொல்லியிருக்கு. தினமும் சொல்லியிருக்கு. நான்தான் வாயை வாயை வெட்டியிருக்கேன்.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க சம்பந்தி...”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரவில்லை. சம்பந்தியம்மா அன்று பெருக்கியது வெறும் தரை. குப்பையே இல்லாத தரையை யாராவது அவ்வளவு நேரம் பெருக்கிப் பார்த்திருக்கிறீர்களா?

அதற்கும் அடுத்த நாள் காலையில் சந்தில் சத்தம் கேட்டது. க்ளிக், க்ளிக், க்ளிக். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு சொல்லியும் வெட்டுகிறாரே மனுஷன்! சண்டை போடுவதற்காகக் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு படையெடுத்துப் போனேன்.

சம்பந்தி வேலியோரம் நடந்துகொண்டிருந்தார். சீப்பு தளிரைக் கோதியது. கத்திரி காற்றை வெட்டியது. ஒரு இலை கீழே விழவில்லை. கடைசியில் துண்டை எடுத்து வேலியின் பிடரியில் தட்டி, “ஆச்சு” என்றார். கொஞ்சம் தள்ளி, துடைப்பத்தை மார்போடு அணைத்தபடி சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். கண்ணில் தூசி என்றார். பெருக்க ஒன்றுமில்லாத இடத்தில் தூசி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் தூசி.

5

வேலி வளர்ந்தது. காடாக வளர்ந்தது! ஒரு பக்கம் தூங்கி எழுந்த தலை, இன்னொரு பக்கம் சண்டை போட்டு வந்த தலை. படம் எடுக்க வந்தவர்கள் முகம் சுளித்துப் போனார்கள். தினமும் காலையில் கத்திரிச் சத்தம் மட்டும் குறையவில்லை. பூக்கள் வந்து, பல கொட்டி, சில காற்றில் போய், கடைசியில் ஒன்று நின்றது. எடுத்த எடுப்பில் நான் குழாயை வீசிவிட்டு ஓடினேனே, அந்தச் சிவப்புதான் அது. ஒரே ஒரு பழம். என் தலையளவு இருக்கும். (சம்பந்தியம்மா: “உங்க கைப்பிடியளவு.” சரி. ஆனால் என் கை பெரியது.)

இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். முடித்தும் இருந்தேன். ஆனால் நேற்றுத்தான் பொதுக்கூட்டம். நாங்கள் மூவரும் வேலியடியில் இருந்தபோது தலைவர் கூட்டத்துக்குப் போகிற வழியில் சந்துக்குள் வந்தார். பழம் கனத்துக் கிளையோடு சாய்ந்து, சரியாக அவர் சட்டைப்பை உயரத்தில் வழியை மறித்துத் தொங்கியது.

“அட! தொங்குதே!” என்றார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார், பாவம். “பறிங்க பறிங்க. கூட்டத்துல மேஜை மேல வச்சுக் காட்டிடறேன்.”

“மேஜை மேல வச்சா கடையில வாங்கினதும்பாங்க தலைவரே” என்றார் சம்பந்தியம்மா. “எல்லாரையும் இங்க கூட்டிட்டு வாங்க. தொங்கறதைப் பாக்கட்டும்.”

“அத்தனை பேரும் எந்திரிச்சு வரணுமா? மொத வரிசையில இருக்கறவங்களை எழுப்பவே கிரேன் வேணும்மா. கூட்டத்துல காட்ட ஒண்ணும் இல்லைன்னா தகரம்தான், நான் பொறுப்பில்ல. நீங்க வெட்டுங்க ஐயா” என்றார் சம்பந்தியிடம்.

மாதுளையைப் பிய்க்கக் கூடாது, காம்பு கிழியும். கத்திரியால்தான் எடுக்க வேண்டும். ஆக, இந்த வேலியில் கத்திரிக்கு நியாயமான வேலை ஒன்று உண்டு. அந்த வேலை சம்பந்தியின் முன்னால் இப்போது தொங்குகிறது. வெட்டினால் தலைவர் கையில் பழம் இருக்கும், நம்புகிறவர்கள் நம்புவார்கள். வெட்டாவிட்டால் வேலியில் பழம் இருக்கும், நாற்காலியை விட்டு எழுந்து வருகிறவர்கள் பார்ப்பார்கள்.

சம்பந்தி சின்னக் கத்திரியை எடுத்தார். இடது கையைப் பழத்துக்கு அடியில் தாங்கக் கொடுத்தார். கத்திரியைக் காம்பருகே கொண்டுபோனார். தலைவர் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு, பரவசத்தில் கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தி திரும்பிச் சம்பந்தியம்மாவைப் பார்த்தார்.

“உங்க இஷ்டம் சம்பந்தி” என்றார் அவர். முதல் முறையாக அதில் மரியாதையைத் தவிர வேறு ஏதோ இருந்தது.

க்ளிக்.

துண்டை எடுத்துக் கிளையின் பிடரியில் தட்டினார். “ஆச்சு.”

அந்த நேரம் பார்த்து என் குழாய் மறுபடி கையைவிட்டுத் துள்ளியது. மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணீர். நான் எதையும் பார்க்கவில்லை. நிஜமாகவே. துடைத்துக்கொண்டு பார்த்தபோது தலைவர் ஒரு கையை இன்னும் நீட்டியபடி கூட்டம் நடக்கும் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். பழத்தைக் கொண்டுபோகிறாரா, ஆட்களைக் கூப்பிடப் போகிறாரா, முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை. நானும் உடனே வீட்டுக்கு ஓடிவந்து இதை எழுத உட்கார்ந்தவன்தான், இன்னும் சந்துப் பக்கம் போகவில்லை. சம்பந்தியம்மாவிடம் கேட்டால், “எழுதறவர் நீங்கதானே?” என்கிறார். சம்பந்தியிடம் கேட்டால் “தொழில் ரகசியம்” என்கிறார்.

மீட்டரில் இல்லாததை நான் எழுதக் கூடாது. ஆகவே, நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருப்பவரே, கொஞ்சம் எழுந்திருங்கள். சந்து பக்கத்தில்தான் இருக்கிறது. நீங்கள் நடந்து வந்து பார்த்தால், அங்கே தொங்கும்.