உப்புநீரில் அலசாத முனை

ஒரு முக்கு. உப்புநீரில் ஒரே ஒரு முக்கு முக்கி எடுத்திருந்தால் போதுமே. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காதே.

பத்து நாளாக ராகேலுக்கு இதே நினைப்புதான். குழித்துறைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் அவள் டெக்னீஷியன். குடலின் உட்சுவர் செல்களைச் சின்னக் கிண்ணங்களில் வளர்த்து, அவை இடைவெளி இல்லாமல் ஒட்டிப் படர்ந்திருக்கின்றனவா என்று எலெக்ட்ரோடு எனும் மின்முனையை விட்டு அளப்பார்கள். இரண்டு கால் முளைத்த அந்தக் கருவியைச் சுத்தம் செய்து கொடுப்பது அவள் வேலை. கால் மணி நேரம் ஆல்கஹாலில் ஊற வேண்டும். பிறகு கிருமி நீக்கிய உப்புநீரில் அலச வேண்டும். ஆல்கஹால் ஒட்டியிருந்தால் செல்கள் செத்துப்போகும். செய்து முடித்ததும் நோட்டில் டிக் போட வேண்டும்.

சாயங்காலம் செய்யும் வேலைக்கு ராகேல் மத்தியானமே டிக் போட்டுவிடுவாள். கீரிப்பாறை பஸ்ஸை விட்டால் வீடு சேர இருட்டிவிடும். ஆறு வருஷமாக அப்படித்தான், ஒரு நாளும் பிசகியதில்லை.

அன்று பிசகியது. ஆல்கஹாலிலிருந்து எடுத்ததை அப்படியே ஆராய்ச்சி மாணவி ரெனிஷாவின் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் ஆச்சா எக்கா?"

"நோட்டுல பாரேட்டி," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கி ஓடினாள்.

ரெனிஷா நோட்டைப் பார்த்தாள், நம்பினாள். ஈரத்தைப் பார்த்து எது உப்புநீர், எது ஆல்கஹால் என்று யாரால் சொல்ல முடியும்?

மறுநாள், முதலில் அளந்த நான்கு கிண்ணங்களிலும் செல்கள் செத்துக் கிடந்தன. மூன்று வார உழைப்பு. பேராசிரியர் டைட்டஸும் நோட்டைத்தான் பார்த்தார். பிறகு மீனவர் வீட்டுப் பெண்ணான ரெனிஷாவின் பக்கம் கையைக் காட்டினார்.

"தேங்காய்ப்பட்டணத்துல வலை இழுக்குத கையாக்கும். மெதுவா வையின்னா கேக்குமா? முனையால குத்திக் கிழிச்சிருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். ராகேலும் சிரித்தாள்.

"முனை பட்டதே இல்லக்கா, சத்தியமா," என்று ரெனிஷா அவளிடம் வந்து நின்றாள்.

"விடு மக்கா. நாளைக்கு சாரு மறந்துருவாரு."

அவர் மறக்கவில்லை. இன்று கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். கருவி முறைப்படி சுத்தம் செய்யப்பட்டிருந்தது, தவறு ரெனிஷாவுடையது, அவளை ஆராய்ச்சியிலிருந்து நீக்கலாம் என்று அதில் இருந்தது.

"டெக்னீஷியன்னு இருக்குல்லா, அதுல ஒரு ஒப்பு போட்டுட்டுப் போ. பஸ்ஸுக்கு நேரமாச்சே."

பேனாவைத் திறந்தாள். மூடினாள்.

"அன்னைக்கு நான் உப்புநீருல அலசல்ல சாரே."

"டிக் கெடக்கே?"

"அது மத்தியானமே போட்டது."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"செரி. இது நமக்குள்ள இருக்கட்டும். உனக்கும் வேலை வேணுமில்லியா? ஒப்பை மட்டும் போடு."

பத்து நாள் முன்பே சொல்லியிருக்கலாம். ரெனிஷா வந்து நின்றபோதாவது சொல்லியிருக்கலாம்.

ராகேல் தாளை அவர் பக்கமாகத் தள்ளி, அதன்மேல் பேனாவை வைத்தாள்.

"இல்ல சாரே. போடமாட்டேன்."